இருநூற்றுப் பத்துக் கிலோ குப்பை

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டி, தராசைத் தொங்கவிட்டு, மலையிலிருந்து இறக்கிய குப்பையை எடை போட்டார்கள். ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் யோக்கியன் ஆகமாட்டேன்.

என் பெயர் ஹசில் ஷா. எங்கள் ஊரான பஸ்தினுக்கு மலையேற வருகிறவர்களுக்குச் சுமைகாரர்களை அனுப்புவது என் பொறுப்பு. எந்த வீட்டுக்கு எப்போது முறை, யார் போன தடவை போனார், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் என் தலையில் இருக்கும். இந்த முறை வந்தவர்கள் தலைநகரத்திலிருந்து பன்னிரண்டு பேர். தலைவர் பெயர் ஃபைசான் சாகிப். நல்ல உயரம், மரியாதையான பேச்சு, வயதானவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம். ஷம்பின் கணவாய்க்கு மேற்கே இதுவரை யாரும் ஏறாத சிகரம் ஒன்று இருக்கிறது. அதில் ஏறத்தான் வந்தார்கள். ஐந்தாம் நாள் காற்று அவர்கள் கூடாரத்தைக் கிழித்துவிட்டது, திரும்பினார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மலை வேண்டாம் என்றால் இறங்குவதுதான் அறிவு. ஆனால் செலவு செய்து அனுப்பிய கம்பெனிக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. பெட்டிக்குள் ‘தூய மலை’ என்று எழுதிய துணிப் பதாகை ஒன்று இருந்தது. அதை வெளியே எடுத்தார்கள்.

உண்மையான குப்பை எங்கே கிடக்கிறது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருடமாக வந்துபோன குழுக்கள் விட்டுச் சென்ற எரிவாயு உருளைகளும் அறுந்த கயிறுகளும் கூடாரக் கிழிசல்களும் பனியாற்றின் மேல் முகாமில் குவிந்து உறைந்திருக்கின்றன. அங்கே போக மறுபடி ஏற வேண்டும். இவர்கள் இறங்குகிற வழியிலோ, பாதை ஓரமாக ஒரு கல்குடில் இருந்தது. அது கைக்கு எட்டியது.

அது நெக்பக்த் அக்கா வைத்த நோமுஸ். எங்களில் யாராவது இறந்துபோனால், அல்லது உயிரோடிருக்கும் ஒருவர் மேல் அன்பு மிகுந்தால், அவர் பேரில் வழிப்போக்கருக்கு உதவும்படி ஏதாவது செய்து வைப்போம். ஒரு பாலம், மண் சரிந்த இடத்தில் ஒரு பாதை, ஒதுங்க ஒரு குடில். வைத்த பிறகு அது வைத்தவருடையது இல்லை. ‘என்னுடையது’ என்று ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாலும் புண்ணியம் போயிற்று. அக்காவின் கணவர் ரஜப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கணவாய்க்குக் கீழே பனிக்காற்றில் ஒதுங்க இடமில்லாமல் இறந்தார். மறு கோடையில் அக்கா அதே இடத்தில் சுவர் எழுப்பினார். ஒரு செடிகூட முளைக்காத உயரம் அது. கதவுக்கான பலகையை ஊரிலிருந்து தன் முதுகில் கட்டித் தூக்கிப் போனார்.

அந்தக் குடிலில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும், ஏதோ ஒரு குழு எறிந்துவிட்டுப் போன நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயில். பழைய பால்பவுடர் டப்பாவில் உப்பு. மருந்துப் புட்டியில் தீக்குச்சி. சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு அடுக்கிய காய்ந்த எருமைச்சாணம் — எங்கள் மலை எருமைகளின் சாணம்தான் அங்கே விறகு. கிழிந்த இரண்டு உறங்குபைகள், வருகிறவர் போகிறவர் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த பாத்திரங்கள், கம்பளங்கள், இரும்புத் தகரங்கள். கடந்து போகிறவர் எதையாவது வைப்பார், தேவைப்பட்டவர் எடுப்பார். யாரும் எழுதி வைப்பதில்லை. கடைசிப் பிடியை எடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

மைதானத்தில் ஏழாவது மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். உருளைக்கிழங்கு தோண்டிய கையோடு, முழங்கை வரை மண்ணோடு வந்தார்.

“என்ன ஹசில், யாருக்குக் கல்யாணம்? கைதட்டல் சத்தம் வயல் வரைக்கும் கேக்குது.”

“மலையைச் சுத்தம் பண்ணிட்டு வந்திருக்காங்க அக்கா.”

“பண்ணட்டும், பண்ணட்டும். அதுக்கும் வயசாயிடுச்சு, தானா குளிக்க முடியாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே மூட்டைகளைப் பார்த்தார். மூன்றாவது மூட்டையின் வாயிலிருந்து நீலப் பீப்பாயின் விளிம்பு வெளியே தெரிந்தது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பார்த்தேன். பீப்பாயை இழுத்து மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஒரு பொட்டு மாவில்லாமல் துடைத்திருந்தது.

“தஃபத், எந்தக் கிழமை எடுத்தீங்க?” என்றார்.

தஃபத் எங்கள் சுமைகாரர்களில் மூத்தவன். குனிந்த தலை நிமிரவில்லை. “புதன் அக்கா.”

அக்கா திரும்பிக் கணவாய்ப் பக்கம் பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அங்கே மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தது. மலை இருந்த அடையாளமே இல்லை.

“மெஹ்ர்போனும் அஃப்ரோஸாவும் நேத்துக் கிளம்பியிருப்பாங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஹ்ர்போன் அக்காவின் ஒரே மகன். அவனும் மனைவியும் கணவாய்க்கு அப்பால் கோடை மேய்ச்சலில் இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் மந்தையைக் குளிர்கால மேய்ப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள், தங்களிடம் மிச்சம் இருக்கும் மாவு, உப்பு, போர்வை எல்லாவற்றையும் அந்த மேய்ப்பர்களிடமே விட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்கு ஏழு மாதக் குளிர் காத்திருக்கிறது. திரும்புகிறவர் மடியில் ஒரு ரொட்டி மட்டும் கட்டிக்கொண்டு நடப்பார். பாதி வழியில்தான் குடில் இருக்கிறதே, அதில் எல்லாம் இருக்குமே என்ற தைரியம். அப்படி வெறுங்கையோடு வருகிறவர்கள் இந்த உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

நான் ஃபைசான் சாகிபிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான். பால்பவுடர் டப்பாவின் மேல் தேதி ஆறு வருடத்துக்கு முந்தியதாக இருந்ததாம். கெட்டுப்போன உணவு என்று மாவையும் சேர்த்து ஓடையில் கொட்டச் சொன்னாராம். உள்ளே இருந்தது போன மாதத்து உப்பு. டப்பாவைப் படித்தவர் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இறைவன் தந்த மாவை ஓடையில் கொட்டும்போது ஒருவருக்கும் கை நடுங்கவில்லை. சாணத்தைச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அவர்களுடைய நோட்டில் அதற்கு ‘விலங்குக் கழிவு அகற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருந்ததை நானே பார்த்தேன்.

“உங்க ஆளுங்க யாராவது சொல்லியிருக்கலாமே” என்றார் சாகிப்.

தஃபத் அப்போதுதான் வாயைத் திறந்தான். “சொன்னேனே சாகிப். எடுக்காதீங்கன்னு சொன்னேன். இது யாரோடதுன்னு கேட்டீங்க. யாரோடதும் இல்லைன்னு சொன்னேன். யாரோடதும் இல்லைன்னா அப்ப குப்பைதானேன்னீங்க.”

“அதுக்கப்புறம் ஏன் பேசாம இருந்தே?”

தஃபத் என்னைப் பார்த்தான். சாகிபை அல்ல, என்னை.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆள் ஒருவன், முகாம் போடும் இடத்தைப் பற்றி ஒரு குழுத் தலைவரோடு வாக்குவாதம் செய்தான். அவன் சொன்னது சரி. ஆனால் அந்தத் தலைவர் நகரத்தில் புகார் எழுதினார். மறு வருடம் எங்கள் பக்கம் ஒரு குழுவும் வரவில்லை. அப்போது நான் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு சட்டம் போட்டேன். சாகிப் சொன்னால் சொன்னதைச் செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு மேல் மறுபேச்சு பேசினால் முறை கிடையாது. தஃபத் ஒரு தடவை பேசினான். பிறகு தன் உறவுக்காரன் மெஹ்ர்போனின் உயிரைக் காக்க வேண்டிய மாவு இருந்த பீப்பாயைத் தானே முதுகில் கட்டித் தூக்கி வந்தான். என் சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தான்.

சாகிப் அக்காவிடம் வந்து குனிந்து பேசினார். “அம்மா, இது உங்களோடதா? உங்களோடதுன்னு சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடறோம்.”

“என்னோடது இல்ல.”

“அப்ப யாரோடதும்மா?”

“இப்ப அங்க உக்காந்திருக்கானே, அவனோடது.”

அதற்குமேல் அக்கா அவரோடு பேசவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, தேவையானதைப் பொறுக்கிப் பீப்பாயில் போட ஆரம்பித்தார். குடிலில் இருந்தது போக அந்த மூட்டைகளில் உண்மையான குப்பை என்று இரண்டு மூட்டைகூடத் தேறவில்லை.

சாகிப் தன் செயற்கைக்கோள் தொலைபேசியில் ஹெலிகாப்டருக்குச் சொன்னார். மேகம் விலகாமல் பறக்க முடியாது என்று பதில் வந்தது. அவர்களுக்கு மறுநாள் நகரத்தில் பத்திரிகைக்காரர்களோடு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஜீப்புகள் வந்து காத்திருந்தன. தொடர்பில் இருப்பதாக என் கையைப் பிடித்துச் சொன்னார். ஏறிப் போனார். அவரோடு பத்துப் பேரும் போனார்கள்.

போகாமல் நின்றவர் ஒருவர்தான். டாக்டர் நஸ்ரீன், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். தன் பையிலிருந்து நல்ல உடைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மருந்தையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் திணித்துக்கொண்டிருந்தார். உங்களால் எங்கள் வேகத்துக்கு ஏற முடியாது என்றேன். பின்னால் வருவேன் என்றார். அக்காவையும் தடுத்துப் பார்த்தேன்.

“அந்த வழியில கதவைத் தூக்கிட்டுப் போனவ நான். எனக்கு நீ வழி சொல்றியா?” என்றார்.

தொழுதுவிட்டு, பீப்பாயில் எங்கள் வீட்டு மாவை நிரப்பிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினோம். தஃபத் மாவுப் பீப்பாயை வேறு யாரிடமும் தரவில்லை.

அன்று இருட்டும்வரை நடந்து கீழ் மேய்ச்சல் பாறையடியில் ஒடுங்கினோம். விடிந்ததும் மறுபடி நடந்தோம். முழங்கால் வரை புதுப்பனி. தஃபத்தும் நானும் மாறி மாறி முன்னால் போய்க் காலால் வழி மிதித்தோம். அக்கா வாய்க்குள் மௌலா அலியின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டாக்டர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இரண்டு முறையும் வாயைத் துடைத்துக்கொண்டு எங்கள் தடத்தில் கால் வைத்தார். பனி பத்து மணிவாக்கில் நின்றது. மத்தியானம் தாண்டிக் குடில் கண்ணில் பட்டது.

கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் கருத்த ஓட்டை.

அக்கா அப்போதுதான் முதல் தடவையாக நின்றார். நானும் நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் இருமல் கேட்டது. அந்த இருமலைப் போல இனிய சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இறைவனுக்கு நன்றி.

அஃப்ரோஸா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தன் கோட்டு, அதன்மேல் புருஷனின் கோட்டு, அவன் தொப்பி எல்லாம் அவள் மேலிருந்தன. மெஹ்ர்போன் வெறும் கம்பளிச் சட்டையோடு அவள் மேல் சாய்ந்து கிடந்தான். தரையில் சாம்பல். அவனிடம் சிகரெட் பற்றவைக்கிற லைட்டர் ஒன்று இருந்திருக்கிறது. எரிக்க வேறெதுவும் இல்லாததால் கதவைக் கத்தியால் சீவிச் சீவி எரித்திருக்கிறார்கள். விரல் பருமனுக்குச் சீவி இரண்டு ராத்திரிக்கு வரும்படி எரித்திருக்கிறார்கள்.

அவன் தாயைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்.

“அம்மா, அப்பாவோட கதவை எரிச்சுட்டேன்.”

அக்கா தன் கம்பளியை அவிழ்த்து அவன் மேல் போர்த்தினார். அஃப்ரோஸாதான் பேசினாள்.

“ரெண்டு நாளா இதே புலம்பல் மாமி. அவர் கால் மரத்துப் போச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கதவு, கதவு. நான் செத்திருந்தாகூட இவ்வளவு அழுதிருக்க மாட்டார்.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அவனுடைய இடது காலில் பூட்ஸைக் கத்தரித்துத்தான் கழற்ற முடிந்தது. மூன்று விரல்கள் கருத்திருந்தன. டாக்டர் மண்டியிட்டுத் தண்ணீரை இளஞ்சூடாக வைத்து, கையை விட்டுப் பார்த்து, அந்தக் காலை மெல்ல இறக்கினார். தஃபத் பனியை உருக்கித் தேநீர் வைத்தான்.

மெஹ்ர்போன் குடிலின் வெறும் மூலைகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான். “யார் மாமா எடுத்தது?”

நடந்ததைச் சொன்னேன். அவன் கதவின் சாம்பலை விரலால் கிளறினான். பிறகு, “நான் நம்ம ஊர் ஆளுங்கன்னு நெனச்சேன்” என்றான். “யாரோ நம்மள்ல ஒருத்தர் கடைசிப் பிடியையும் வாரிட்டாங்கன்னு. ரெண்டு ராத்திரியும் ஒவ்வொரு வீடா நெனச்சுப் பாத்தேன். இவங்களா இருக்குமோ, அவங்களா இருக்குமோன்னு. ஒரு வீட்டை விடல.”

அந்த இருநூற்றுப் பத்துக் கிலோவில் இதையும் எந்தத் தராசிலாவது நிறுத்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பூட்டு விற்கிற கடை கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவனை, உறைந்து சாகிற நேரத்தில், தன் ஊரார் ஒவ்வொருவரையும் திருடனாக நினைக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் கைதட்டலோடு.

தேநீர் கொதித்தது. அக்கா முதல் கோப்பையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் வாங்கவில்லை. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “இந்தத் தரையைப் பெருக்கினது நான்தாம்மா” என்றார். “துடைப்பம் எடுத்து நான்தான் பெருக்கினேன். சுத்தமாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளை விரல் கருத்துக் கிடக்கும்போது முதல் கோப்பை இவருக்கா என்று எங்கள் மொழியில் அக்காவிடம் கடுமையாகக் கேட்டுவிட்டேன்.

“தப்புப் பண்ணினவளுக்கும் குளிரும் ஹசில்” என்றார் அக்கா. கோப்பையை டாக்டரின் கைக்குள் வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டார்.

மறுநாள் மேகம் விலகியும் ஹெலிகாப்டர் வரவில்லை, மெஹ்ர்போனை முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கினோம். டாக்டர் நகரத்து ஆஸ்பத்திரி வரை கூடவே போய், விரல்களை எடுத்த பிறகுதான் வீடு போனார். மூன்று விரல் போயிற்று. உயிர் இருக்கிறது, நடக்கிறான். ஆனால் குளிர்கால மேய்ப்புக்கு இனி அவன் போக முடியாது. எங்கள் ஆண்களுக்கு அதைவிடப் பெருமையான வேலை வேறில்லை.

இரண்டு வாரம் கழித்து, கீழே போய் வந்த ஜீப் டிரைவர் ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் தொடாத மலைத்தொடரை இருநூற்றுப் பத்துக் கிலோ குப்பையிலிருந்து மீட்ட குழு என்று போட்டிருந்தது. யாரும் தொடாத மலைத்தொடராம். படத்தில் ஃபைசான் சாகிபுக்குப் பின்னால் நான் கைதட்டிக்கொண்டு நிற்கிறேன். கூடவே அவருடைய கம்பெனியிலிருந்து ஒரு படிவமும் வந்தது. நஷ்ட ஈடு தரத் தயாராக இருக்கிறார்களாம். ‘உரிமையாளர் பெயர்’ என்ற இடத்தை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். அக்காவிடம் காட்டினேன். அடுப்புப் பற்றவைக்க உதவும் என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜமாத்கானாவில் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று என் சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். தவறு என்று தெரிந்தால் சுமையை இறக்கி வைத்துவிடுங்கள், குழு வராவிட்டால் உருளைக்கிழங்கு தின்போம் என்றேன். யாரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மெஹ்ர்போன் ஊன்றுகோலோடு என் வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரு மாவுப் பை. ஊரின் மேல் கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தான். “இந்த வீட்டையும் நெனச்சேன், மன்னிச்சுடுங்க” என்று சொல்லி, குடிலுக்கு ஒரு பிடி மாவு கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவானாம். பதினெட்டு வீடு முடிந்திருந்தது. கால்விரல்களை இழந்தவன் வீடு வீடாக மன்னிப்புக் கேட்கிறான். கேட்க வேண்டியவர்கள் பத்திரிகையில் சிரிக்கிறார்கள்.

“யா அலி மதத், மாமா” என்று எங்கள் வழக்கப்படி சலாம் சொன்னான்.

“மௌலா அலி மதத். உள்ள வந்து உக்காரு.”

அவன் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மாமா, உங்களையும் நெனச்சேன்.”

“சரியாத்தான் நெனச்சே” என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பையின் வாயை விரித்துப் பிடித்தான். நான் ஒரு பிடி போட்டேன். அவன் பையை மூடவில்லை. மறுபடி போட்டேன். போதும் என்று அவன் சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பையையும் ஒரு புதுக் கதவையும் என் முதுகில் கட்டிக்கொண்டு கணவாய்க்கு ஏறினேன். தஃபத் கேட்டும் கதவை அவனிடம் மாற்றிக் கொடுக்கவில்லை.